மதினிக்குப் பதிலாக

ஜூன் 9, திங்கள்

கீழப்பொட்டலில் முதல் கண் முகாம். ஊர்ச் சமுதாயக்கூடத்தில் போட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் பீடிக்கடை. கடை என்றால் விற்கிற இடமில்லை. பெண்கள் இலையும் தூளும் வாங்கிப்போய், வீட்டில் சுற்றி, பீடியைத் திரும்பக் கொடுக்கிற இடம். கடைக்கு வந்த கையோடு இங்கும் வந்துவிட்டார்கள். மூலையில் அவர்கள் பீடி சுற்றுகிற முறங்கள், இந்தப் பக்கத்துச் சொளவுகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லோர் மேலும் புகையிலை வாசனை. சாயங்காலம் பார்த்தால் என் துப்பட்டாவிலும்.

எழுத்துப் பலகையில் E எழுத்தின் மூன்று கால் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கையால் காட்டவேண்டும். அவ்வளவுதான் சோதனை. ஆனால் நாற்காலியில் இருப்பவர் ஒரு கணம் யோசித்தாலும் பின்னால் நிற்கிற வரிசை சும்மா இருப்பதில்லை.

"கீழ, கீழ! கீழ பாக்கு மைனி!"

"சும்மா கெடட்டி, அவளே சொல்லட்டும்."

"எங்க சொல்லுதா? விட்டா பொழுது அடஞ்சிரும்."

பலகையைத் திருப்பி வைத்தேன். அதையும் சொல்லித்தந்தார்கள். மாசிலாமணி அண்ணாச்சி எங்கள் ஆஸ்பத்திரி வேனை ஓட்டுபவர், முகாமில் பெயர் பதிபவரும் அவர்தான். "இது கண் பரிசோதனை இல்ல பியூலா, கூட்டுப் பிரார்த்தனை" என்றார்.

நாள் முடிவில் எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. டார்ச் வெளிச்சத்தில் ஒரு கண், அப்புறம் இன்னொரு கண். இன்று நினைவிருப்பது ஒன்றே ஒன்று: ஆவுடையம்மாள் என்பவரின் இடது கண் வெள்ளையில், கருவிழியை ஒட்டி, எள் அளவுக்கு ஒரு பழுப்பு மச்சம். தீங்கில்லாதது. கண் அழுத்தம் சரி, தூரப்பார்வை சரி. கிட்டத்தில் பார்க்க மட்டும் ஒரு கண்ணாடி கொடுத்தேன்.

"ஐம்பத்தாறு வயசா? நம்பவே முடியலையே" என்றேன்.

"பீடித்தூளு பிள்ள. ஆளக் கெட்டுப்போவாம வச்சிருக்கும்" என்று சிரித்தார்.

அறையில் ட்யூப்லைட் மங்கிவிட்டது. வீட்டுக்கார அக்காவிடம் சொல்லவேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

வெள்ளைக் கோட்டைத் துவைத்தேன். கொல்லைப் படியில் இடறி வாளியோடு விழப்போனேன். ஒரு வருடமாக ஏறி இறங்குகிற படி.

ஜூன் 12, வியாழன்

வேறு ஊர், அதே பலகை. ஒரு தாத்தா தனக்குப் புரை விழுந்திருக்கிறது என்பதையே நம்பவில்லை. ஊரில் மின்சாரம் சரியில்லை என்றார்.

அப்பா போன் செய்தார். சாப்பிட்டாயா, மழை உண்டா, எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் வழக்கமான கேள்வி.

"நீ பாத்துக்கிட்டியாம்மா?"

"அடுத்த வாரம்ப்பா. முகாம் நெருக்கடியா இருக்கு."

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். வலி இருக்காது. ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். போன பார்வை போனதுதான். சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகள் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராக இதைத்தான் ஒப்பிக்கிறேன். அப்பாவுக்கு இதை யாரும் வந்து ஒப்பிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது கரும்பலகையின் ஒரு பாதி தெரியாமல்போன பிறகுதான் டாக்டரிடம் போனார்.

ட்யூப்லைட்டை மாற்றிவிட்டார்கள். பழையதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நூலகத்திலிருந்து எடுத்த நாவல் பாதியில் கிடக்கிறது. நல்ல எழுத்துதான். வரியின் தொடக்கம்தான் நழுவி நழுவிப் போகிறது. களைப்பு.

ஜூன் 16, திங்கள்

மறுபடி கீழப்பொட்டல், விடுபட்டவர்களுக்காக. உணவு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பேச்சித்தாய் என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். வலது கண்ணைப் பார்த்தேன். இடது கண்ணுக்கு டார்ச்சைத் திருப்பினேன். கருவிழியை ஒட்டி, எள் அளவுக்கு ஒரு பழுப்பு மச்சம்.

முகத்தை எனக்குத் தெரியாது. கண்ணைத் தெரியும்.

"அக்கா, நீங்க போன வாரமும் வந்தீங்கல்ல?"

"நானா? இல்லையே. அது எங்க மதினி."

"உங்க மதினிக்கும் இதே எடத்துல மச்சம் இருக்கா?"

கொஞ்ச நேரம் அந்தக் கண் என்னையே பார்த்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"நான்தான் பிள்ள வந்தேன். அவ்வொளுக்குச் சோலி. ரேசனுக்கு நான்தான் போவேன், பீடி போடவும் நான்தான் போவேன். அவ்வொ பேரைச் சொன்னா அங்கெல்லாம் சாமானம் தாராவொ. இங்கயும் கண்ணாடி தந்திய."

மாசிலாமணி அண்ணாச்சிக்கு முகம் தொங்கிவிட்டது. "ஆதாரைப் பாத்துத்தானம்மா எழுதுனேன்."

"ஆதார் படத்துல யாரு அண்ணாச்சி அவங்கவங்க மாதிரி இருக்கா?" என்றார் பேச்சித்தாய்.

வரிசையே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் ஆவுடையம்மாளுக்குக் கண் அழுத்தம் சரி என்று நான் எழுதி, அது ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. பார்க்காத ஒரு கண்ணை நல்ல கண் என்று சொல்லியிருக்கிறேன்.

"இது ரேசன் இல்லக்கா. கண்ணு ஆளுக்கு ஆள் வேற. அவங்கள மத்தியானத்துக்கு மேல கூட்டிட்டு வாங்க."

பேச்சித்தாயின் சிரிப்பு நின்றது. "அவ்வொ வரமாட்டாவ" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அவருக்கான கண்ணாடியைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தவறைச் சொன்னேன். "ஒரு ஆள்தானே, பாத்துக்கலாம் விடுங்க" என்றார்கள். விட்டுவிடலாம்தான். எத்தனையோ பேர் முகாமுக்கே வருவதில்லை. அவர்களை நினைத்து எனக்குத் தூக்கம் கெடுவதில்லை. இவர் விஷயத்தில் மட்டும் கெடுகிறது. ஒருவர் தன் கண்ணுக்குப் பதில் இன்னொரு கண்ணை அனுப்புகிறார் என்றால், அது சோலியினால் மட்டும் இருக்காது.

ஜூன் 19, வியாழன்

முகாம் முடிந்து வருகிற வழியில் கீழப்பொட்டலில் வேனை நிறுத்தச் சொன்னேன். பேச்சித்தாயின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அவருக்குக் கொடுக்கவேண்டிய கண்ணாடியைச் சாக்காக எடுத்துப் போனேன்.

முன்கட்டில் சுவரில் சாய்ந்து, மடியில் சொளவோடு ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தார். பேச்சித்தாயின் வீட்டுக்காரருக்கு அக்கா. ஒடிசலான உடம்பு, வெற்றிலைச் சிவப்பு வாய். கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பெயரில் நான் கொடுத்த கண்ணாடி ஆணியில் தொங்கியது, உறையைக்கூடப் பிரிக்காமல்.

"ஆஸ்பத்திரிப் பிள்ளையா? வா, இரி. கண்ணாடி நல்லாத் தெரியுது பிள்ள."

நான் வாசலுக்கு நேரே நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தே பேசினார். பேச்சித்தாய் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும், நான் சத்தமில்லாமல் வலப்பக்கம் நாலு எட்டு நகர்ந்து சுவரோரம் நின்றேன். ஆவுடையம்மாள் வாசலையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை.

தண்ணீர்ச் செம்போடு வந்த பேச்சித்தாய் இருவரையும் பார்த்தார். அவர் கை நடுங்கித் தண்ணீர் சிந்தியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வரட்டுமா என்று கேட்டுக் கிளம்பினேன்.

தெருமுனைவரை பேச்சித்தாய் பின்னாலேயே வந்தார்.

"யார்ட்டயும் சொல்லிராத பிள்ள. உன் கால்ல வேணாலும் விழுதேன்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு கண்ணு எப்பமோ போயிட்டு. இன்னொண்ணு பொங்கலுக்குப் பெறவு மோசம். கை பழக்கம், அதனால பீடி ஓடுது. நூலு கட்ட மட்டும் நான் இருக்கணும்."

"அப்புறம் ஏன்க்கா மறைக்கணும்? கண் தெரியலைன்னா ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியதுதானே?"

அவர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். பீடிக்கடையில் பாஸ் புத்தகம் இருப்பவருக்குத்தான் இலை தருவார்கள். புதிதாக யாருக்கும் பாஸ் போடுவதில்லை. இந்த வீட்டில் ஆவுடையம்மாள் பெயரில் மட்டும்தான் பாஸ். பேச்சித்தாயும், அவர் மகளும், பக்கத்து வீட்டு ஓரகத்தியும் அந்த ஒரு பெயரில்தான் சுற்றுகிறார்கள். ஆவுடையம்மாளுக்குக் கண் தெரியாது என்று கடைக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தால், "அப்போ இவ்வளவு நாளும் சுத்துனது யாரு?" என்று கேட்டுப் பாஸை முடித்துவிடுவார். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது; அதுவும் சிக்கலாகும். முகாம் நடந்த இடமோ கடைச் சுவரை ஒட்டி. ஒருவர் கண்ணுக்கு என்ன என்பது அங்கே ஊருக்கே கேட்கும்.

"அவ்வொ கண்ணு போனா எங்க எல்லார் அடுப்பும் போயிரும்" என்றார்.

"பாக்காம விட்டா மிச்சக் கண்ணும் போயிரும்க்கா. அப்போ யாருட்டயும் மறைக்க முடியாது."

அழுதார். வேனிலிருந்து மாசிலாமணி அண்ணாச்சி ஹாரன் அடித்தார். வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனைக்கு எங்கள் ஊர் நாசரேத்துக்குப் போனேன். அப்பா சட்டையைச் சரியாக மாட்டி, தலை வாரி, வாசல் நாற்காலியில் தயாராக இருந்தார். கோயிலிலிருந்து வந்ததும் பேப்பர் வாசிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை நான் வாசிக்க அவர் கேட்பது பல வருட வழக்கம்.

ஒரு கட்டுரையின் நடுவில் நிறுத்தச் சொன்னார்.

"ஒரு வரியை விட்டுட்டம்மா."

"இல்லப்பா."

"அந்த வாக்கியம் முடியவே இல்லையே. போன பத்தியிலயும் ரெண்டு வார்த்தை விட்ட."

திரும்பப் பார்த்தேன். விட்டிருந்தேன். வரியின் தொடக்கத்தில்.

"இங்க வெளிச்சம் போதலப்பா" என்றேன்.

அப்போது மணி பதினொன்று இருக்கும், வாசல் முழுக்க வெயில். அப்பாவின் கன்னத்தில் அது விழுந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியும். மேலே வாசி என்று கையை மட்டும் அசைத்தார். நான் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து வாசித்தேன்.

வழக்கமான கேள்வியை இன்று அவர் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

அழுத்தம் பார்க்கும் கைக்கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கீழப்பொட்டல் போனேன். வாசலில் கால் வைத்ததுமே ஆவுடையம்மாளின் குரல்.

"வாட்டி. இன்னைக்காவது நின்ன எடத்துல நிப்பியா, இல்ல அன்னைக்கு மாதிரி பூனை கெணக்கா நவுருவியா?"

எனக்குக் காது வரை சூடேறியது. "தெரிஞ்சுதாம்மா?"

"பேச்சி கையில செம்பு ஆடுற சத்தம் கேட்டுச்சு. பெறவு உன் பேச்சைக் காணும். ரெண்டையும் கூட்டிப் பாத்தேன். என்னச் சோதிச்சியாக்கும்?"

"தப்புதாம்மா."

"சரி விடு. கதவச் சாத்து பேச்சி."

உள் அறையில் வைத்துப் பார்த்தேன். கருவி இமைப்பதற்குள் தொட்டுவிட்டு வந்துவிடும். அதற்கே அவர் பேச்சித்தாயின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு கண்ணிலும் அழுத்தம் மிக அதிகம். மறுபடி பார்த்தேன். அதேதான். வலது கண்ணில் டார்ச் அடிப்பதுகூடத் தெரியவில்லை. இடது கண்ணில் நேர் எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது. அந்த வட்டத்துக்குள்தான் அன்று நான் நின்றிருக்கிறேன்.

முகாமில் ஒப்பிப்பதை ஒப்பிக்க வரவில்லை. "வலது கண்ணு திரும்ப வராதும்மா" என்றேன்.

"தெரியும். மத்தது?"

"இப்பமே மருந்து ஆரம்பிச்சா இருக்கிறத வச்சிக்கிடலாம். தினமும் விடணும். நிறுத்தவே கூடாது. பெரிய டாக்டர் ஒரு தடவை பாக்கணும்."

"இருக்கிறதுன்னா, இந்த இம்புட்டா?"

"இம்புட்டுதான்."

"பேச்சி மக கல்யாணத்துல அவ மூஞ்சியப் பாக்கலாம்ல? அது போதும்" என்றார். பேச்சித்தாய் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

ஊருக்குத் தெரியாமல் எப்படிப் போவது என்பதற்கு வழி சொன்னதும் ஆவுடையம்மாள்தான். பேச்சித்தாய்க்குக் கண்ணில் கோளாறு என்று சொல்லிவிடுவது. துணைக்குப் போகிறவர் மதினி. கண் தெரியாதவள் கையைப் பிடித்துத்தானே கூட்டிப்போகவேண்டும்? இருவர் கையும் கோத்திருந்தால், யார் யாரை நடத்துகிறார்கள் என்று யார் பார்க்கப்போகிறார்கள்.

"ஊருக்கு என்ன வேணா சொல்லுங்க. ஆஸ்பத்திரியில அவங்கவங்க பேருதான். மருந்து ஆள் மாறக்கூடாது" என்றேன்.

"சரிங்க வாத்தியாரம்மா" என்றார் ஆவுடையம்மாள். கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது கேட்டார்: "இது வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா மத்தவொளுக்கும் வருமோ?"

"வரலாம். கூடப் பிறந்தவங்க, பிள்ளைகள் எல்லாரும் பாக்கணும்."

"உங்க வீட்டுல யாருக்கும் இருக்கா?"

"அப்பாவுக்கு."

"அப்போ நீ பாத்துட்ட."

பெட்டியின் கொக்கி மாட்டவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பேச்சித்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

சாரல். மூன்று நாளாகத் துணி காயவில்லை. நாவலைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

கீழப்பொட்டலில் வேன் நின்றபோது, பீடிக்கடை வாசலில் கணக்கப்பிள்ளை பல் குத்திக்கொண்டு நின்றார். ஆவுடையம்மாளும் பேச்சித்தாயும் கை கோத்து வந்தார்கள். பேச்சித்தாய் கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்தார். கொஞ்சம் அதிகமாகவே நடித்தார்.

"என்ன பேச்சி, கண்ணு போச்சாக்கும்?"

"ஆமா அண்ணாச்சி. ஒம்ம மூஞ்சி தெரியல. நிம்மதியா இருக்கு."

கடைக்குள்ளிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குள் ஆவுடையம்மாள் வேன் படியைக் காலால் தடவிக் கண்டுபிடித்து ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிறைய நேரம் எடுத்துப் பார்த்தார். சொட்டு மருந்து உடனே. இடது கண்ணுக்குப் பிறகு ஒரு சிறு அறுவை தேவைப்படலாம். நான் சொன்னதைத்தான் சொன்னார், இருப்பது இருக்கும். மருந்து கொடுக்கும் இடத்தில் ஆவுடையம்மாளை உட்காரவைத்து, விடும் முறையைச் சொல்லித் தந்துகொண்டிருந்தார்கள். நானும் பேச்சித்தாயும் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். எதிரே பார்வைப்புலம், அதாவது ஓரப்பார்வை எவ்வளவு இருக்கிறது என்று, பார்க்கும் அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. அங்கே வேலை செய்கிற, என்னைவிட ஒரு வருடம் மூத்த ஷகிலா தலையை நீட்டி, "ஒங்க ஆளு யாரும் இருக்காங்களா பியூலா? மெஷின் சும்மாதான் கெடக்கு" என்றாள்.

"இல்ல" என்றேன்.

பேச்சித்தாய் என் முழங்கையை இடித்தார். "நீ போ."

"எனக்கு எழுத்து வேலை கெடக்குக்கா."

"நான் எடப்பக்கமா உக்காந்திருக்கேன். வந்ததுலருந்து நான் தண்ணிப் பாட்டிலை நீட்டிக்கிட்டே இருக்கேன். நீ பாக்கவே இல்லை."

திரும்பிப் பார்த்தேன். பாட்டில் அங்கே இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பயமா இருந்தா சொல்லு பிள்ள. உம்பேரைச் சொல்லி நான் போயி உக்காந்துக்கிடுதேன். எனக்கு அழுத்தமெல்லாம் சரியா இருக்குன்னு நீதான சொன்ன."

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகோ தெரியவில்லை, அடக்கமுடியாமல் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ஷகிலா பெயர் என்ன எழுத என்று கேட்டாள், விளையாட்டுக்கு. சொன்னேன். வீட்டில் யாருக்கும் இருக்கிறதா என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பிறகு அவள் விளையாடவில்லை.

ஒரு கண்ணை மறைத்து, கிண்ணம் மாதிரியான வெள்ளைக் குழிக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்கவேண்டும். ஓரங்களில் சின்ன வெளிச்சம் தோன்றும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்கவேண்டும். எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். உட்கார்ந்தது முதல் தடவை. அறை இருட்டு. வெளிச்சம் வந்தது, அமுக்கினேன். வந்தது, அமுக்கினேன். பிறகு வரவில்லை. காத்திருந்தேன். இயந்திரத்துக்குள் ஏதோ நகர்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, வெளிச்சம்தான் இல்லை. பின்னால் வரிசை இல்லை. கீழ, கீழ, கீழ பாக்கு என்று சொல்லித்தர யாரும் இல்லை.

வெளியே வந்தபோது பேச்சித்தாயும் ஆவுடையம்மாளும் மருந்துப் பையோடு நின்றிருந்தார்கள். ஆவுடையம்மாள் கையை நீட்டினார். நான் நின்ற இடத்துக்குச் சரியாக நீட்டவில்லை. நான்தான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அப்படியே வேன் வரை நடந்தோம்.

ஜூலை 1, செவ்வாய்

முகாம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பாத்துக்கிட்டேன்ப்பா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"நீங்க ராத்திரி எத்தனை மணிக்கு மருந்து விடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒம்பதுக்கு."

"சரி. நானும் அப்பமே விட்டுக்கிடுதேன்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் சொல்லத் தொடங்கினார். கையைக் கழுவிக்கொள்ள வேண்டுமாம். தலையை நன்றாகப் பின்னால் சாய்க்க வேண்டுமாம். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் லேசாக அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருக்கவேண்டும், உடனே எழுந்துவிடக்கூடாது.

ஊர் ஊராக நான் சொல்லித்தருவதுதான். கடைசி வரை கேட்டுக்கொண்டேன்.